குட்டை மலைகள்

உப்புக்காற்றில் தாள் மொடமொடப்பை இழந்துவிடும். கையில் எடுத்தால் துணி மாதிரி துவளும். 2005-இல் எங்கள் கல்லூரிக் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் முழுவதும் அப்படித் துவண்ட தாள்களில்தான் இருந்தது.

தாளில், டிஎன்ஏ படிக்கும் மெஷின் வரைந்த கோடுகள், நான்கு நிறத்தில் மலைகள் மாதிரி. ஒவ்வொரு நிறமும் ஓர் எழுத்து... ஏ, சி, ஜி, டி. மரக்காணத்தில் அப்பா வேலை செய்த உப்புப் பாத்தியில், இளஞ்சிவப்பாக மாறிய தண்ணீரிலிருந்து எடுத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ. உப்பைத் தாங்கும் ஜீனின் ஒரு துண்டு அதில் இருக்கிறதா என்று தேட ப்ரோகிராம் எழுத வேண்டும். நானும் ஷமீமாவும்.

ஷமீமாவுக்குக் கோட்டக்குப்பம். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். பஸ்ஸில் அவள் வாசிப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். ஏ, ஏ, ஜி, டி...

ஒருநாள் கண்டக்டர் பொறுக்காமல் கேட்டார். "ஏம்மா, இம்மாம் படிச்சும் நாலு எழுத்துதானா தெரியும்?"

"அதுலயும் சிலது சரியா தெரியலண்ணே" என்றாள் ஷமீமா.

உண்மைதான். சில இடங்களில் ஒரு மலைமேல் இன்னொரு மலை விழுந்திருக்கும். ஏ-வா, ஜி-யா? அங்கே அவள் குரல் நிற்கும். இரண்டையும் மேலும் கீழுமாக எழுதச் சொல்வாள்.

மே மாதம் அவளுக்கு நிக்காஹ். படிப்பு அதுவரைக்கும்தான் என்று அவள் அத்தா துபாயிலிருந்து போனில் சொல்லிவிட்டார். ப்ராஜெக்ட் தவறினால் அவளுக்கு இன்னொரு செமஸ்டர் கிடையாது. டிகிரியும் கிடையாது.

அந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். டைப் செய்யும்போது, சீக்கிரம் முடியட்டும் என்று சந்தேகமான இடத்திலெல்லாம் உயரமான மலையின் எழுத்தை மட்டும் போட்டேன். ப்ரோகிராம் ஓடியது. துண்டு எங்கேயும் இல்லை என்றது.

ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது. பாத்தி வரப்பில் நின்று அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். செருப்பில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மெஷினே தெரியலன்னுதானடி சொல்லுது. நீ எதுக்கு முடிவு பண்ண? ரெண்டையும் வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இரண்டு எழுத்து, மலையின் உயரத்துக்கு ஏற்ற வாய்ப்பு. ப்ரோகிராம் எல்லா வழியிலும் போய்ப் பார்க்கும். வாய்ப்பு எண்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே வரும். ரொம்பக் குறைந்துவிட்டால் அந்த வழியை விட்டுவிடும்.

மூன்றாம் நாள், ஒரே ஓர் இடத்தில் துண்டு பொருந்தியது. வழியில் இரண்டு குட்டை மலைகள்... நான் தூக்கிப் போட்டவை.

வைவாவில், கேள்வி கேட்க வந்த மேடம் அங்கே விரல் வைத்து, இது எந்த எழுத்து என்று கேட்டார்.

"தெரியலைங்க மேடம்" என்றாள் ஷமீமா. "தெரியலன்னு வெச்சுக்கிட்டுத்தான் தேடினோம்."

பாஸ்.

அன்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவாயா என்று. பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சிரித்தாள்.

"தெரியலடி. ரெண்டையும் வெச்சுக்கோ."

இப்போது நான் வேலை செய்யும் லேபில் ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று மெஷினே எண் போட்டுத் தருகிறது. குறைந்ததை வெட்டி எறிய ஒரு பட்டன். நானும் தினமும் அழுத்துகிறேன்.

ஷமீமாவின் நம்பர் எப்போதோ மாறிவிட்டது. துபாயில் ஏதோ ஒரு லேபில், வெள்ளை கோட்டில் ஒரு ஷமீமா. ஏதோ ஒரு சமையலறையில், பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபடி இன்னொரு ஷமீமா.

இருவரையும் வைத்திருக்கிறேன்.