கிணற்றில் விழுந்த நரியும் எங்கள் தீபாவளிக் கறியும்

சின்னப் பிள்ளைகளின் கார்ட்டூன் படங்களில் அடிதடி கூடிவிட்டது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று என் மகள் புலம்பிக்கொண்டிருக்கிறாள். அடிதடி பார்த்து நான் கெட்டுப்போகவில்லை. எனக்கு அந்தப் படங்களோடு இருக்கிற கோபம் வேறு. அப்படி ஒரு படத்தால் எனக்கு ஒரு கோழிக்கறி போனது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் நினைத்தால் வயிறு எரிகிறது.

திருகோணமலையில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருசம் அது. குண்டு விழுந்தபோது இறக்கக்கண்டியில் இருந்த மாமா வீட்டுக்கு ஓடினோம். சனம் திரும்பத் தொடங்கியதும் நாங்களும் வந்தோம். புறப்படும்போது மாமா ஒரு சேவல் குஞ்சைக் கூடையில் போட்டுத் தந்தார். எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஐந்து. அப்பாவுக்கு டொக்யார்ட்டில் கப்பலுக்கு வர்ணம் பூசுகிற வேலை.

டொக்யார்ட் ஆட்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் காசில்லாமல் சும்மா படம் காட்டினார்கள். குண்டுப் பயத்தில் இருட்டின பிறகு விளக்கு எரிக்கக் கூடாது என்பதால் நடு மத்தியானத்தில் காட்டினார்கள். தகரக் கொட்டகை ஒன்றின் யன்னல் எல்லாம் கறுப்புக் கடதாசி ஒட்டி, கதவையும் சாத்திவிடுவார்கள். உள்ளே இருந்தால் அவிந்துபோவோம். ஆனாலும் ஒருத்தரும் வெளியே போக மாட்டோம். "கீறின படம்" என்றுதான் நாங்கள் அதைச் சொல்வோம். ஆட்கள் நடிக்காமல், கையால் வரைந்த மிருகங்கள் ஓடுகிற படம். முடிந்த பிறகு கதவடியில் ஒரு கடற்படைக்காரன் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுப்பான். முந்தினவருக்கு முழுப் பிஸ்கட், பிந்தினவருக்குத் தகரத்தின் அடியில் கிடக்கிற தூள்.

எங்களுக்குப் பிடித்தது ஒரு நரி. தொப்பி போட்ட நரி. தாரா வாத்துகளின் முட்டையைக் களவெடுக்க வரும், அடி வாங்கும். ரோட்டு உருளை மேலே ஏறி அப்பளமாகும், எழும்பிவிடும். பீரங்கிக் குண்டு பட்டுக் கரியாகும், எழும்பிவிடும். பல்லெல்லாம் கொட்டினாலும் பொறுக்கித் திரும்ப வைத்துக்கொள்ளும். உண்மைக் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடின பிள்ளைகள் நாங்கள், அந்தக் குண்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அந்த நரியைக் கொன்றுவிட்டார்கள். தாராக்கள் எல்லாம் சேர்ந்து அதைக் கிணற்றுக்குள் தள்ளி, கிணற்று வாயில் ஒரு பாறாங்கல்லை வைத்து மூடி, கல்லின் மேல் ஏறி ஆடின. படம் முடிந்தது. கதவு திறந்தது. நான் பாய்ந்து எழும்பினேன். தங்கச்சி எழும்பவில்லை.

"வாடி, பிஸ்கட் முடியப் போகுது."

"இன்னும் முடியேல்ல."

"படம் முடிஞ்சுது. அங்க பார், படச் சீலையைக் கழட்டுறான்."

"நரி இன்னும் வரேல்ல அக்கா. என்னவா வரப்போறார் எண்டு காட்டேல்லையே."

அவளுடைய கதையில் பிழை இல்லை. கெட்டவன் சாகிற கதை என்று அவள் அதுவரை பார்த்தது கோயிலில் நடக்கிற சூரன் போர் ஒன்றுதான். அதில் சூரனின் யானைத்தலை விழும், சிங்கத்தலை விழும், கடைசியில் சொந்தத் தலையும் விழும். அதோடு முடிந்துவிடாது. மாங்கொப்பைத் தூக்கிக் காட்டுவார்கள், மாமரமாகிவிட்டான் என்று. அதையும் வேல் பிளக்க, ஒரு பாதி மயிலாகும், மற்றப் பாதி சேவலாகும். உண்மைச் சேவல் ஒன்றை அவிழ்த்துப் பறக்க விடுவார்கள். மயில் சாமிக்கு வாகனம், சேவல் கொடி. அதைக் கண்டால்தான் சனம் வீட்டுக்குப் போகும். எங்கள் அப்பா வேறு சூரன் சிலையைத் தூக்கி ஆட்டுகிற ஆட்களில் ஒருவர். வருசத்தில் பாதி நாள் வீட்டில் அந்தக் கதைதான். அப்படி வளர்ந்தவளுக்கு, கல்லை வைத்து மூடிவிட்டு ஆடுகிறது ஒரு முடிவா?

ஆனால் அந்த நேரம் எனக்கு அந்த நியாயம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பிஸ்கட்தான் வேண்டியிருந்தது. வரிசை குறைந்துகொண்டு வந்தது.

"நரி சேவலா வந்திட்டுதடி. எங்கட வீட்டில நிக்குதே, அதுதான். எழும்பு."

எழும்பினாள். இரண்டு முழுப் பிஸ்கட் கிடைத்தது எனக்கு. அந்த இரண்டு பிஸ்கட்டைப் போல நட்டமான சாமான் நான் பிறகு வாங்கவேயில்லை.

அந்தச் சேவல் மாமா தந்த குஞ்சு. வளர்ந்து குசினித் தூணில் கயிற்றோடு நின்றது. மகா பொல்லாதது. ஆர் கிட்டப் போனாலும் குதிக்காலில் கொத்தும். தீபாவளிக்கு வெட்டுவதென்று அம்மா மரவள்ளித் தோலும் குறுணலும் போட்டு வளர்த்தா. கூப்பன் அரிசி, கோதுமை மா, மரவள்ளி, திரும்பவும் மரவள்ளி என்று போன வருசம் அது. ஊரில் இருந்த கோழி, ஆடு எல்லாம் பட்டாள முகாமுக்குப் போய்விட்டது. நான் அந்தச் சேவலின் தொடையைப் பார்த்துக்கொண்டுதான் ரொட்டி தின்பேன். வலது தொடை எனக்கு என்று அப்பாவிடம் கேட்டு வைத்திருந்தேன்.

படம் பார்த்த நாளிலிருந்து தங்கச்சி அதை "நரியார்" என்று கூப்பிடத் தொடங்கினாள். தன்னுடைய ரொட்டியில் பாதியை அதற்குக் கொடுத்தாள். அது அவளையும் கொத்தியது. "பழைய குணம் போகேல்ல. போயிரும்," என்று அவள் அதற்காகப் பேசினாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் வைத்து முழுகினோம். அம்மா கறிச்சரக்கு அரைத்து, வெங்காயம் வதக்கத் தொடங்கிவிட்டா. அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு தூணடிக்கு வந்தார். தங்கச்சி சேவலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கையெல்லாம் கொத்துக் காயம்.

"விடு பிள்ளை."

"இது நரியார் அப்பா. வெட்டக் கூடாது."

"என்ன நரி?"

"கிணத்துக்க விழுந்து செத்தவர். சேவலா வந்திருக்கிறார். அக்காதான் சொன்னவ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மியைப் பார்த்தேன்.

"அதெல்லாம் சும்மா கதை. சேவல் சேவல்தான்."

"அப்ப சூரன் எப்பிடிச் சேவலா வந்தவர்? நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அப்பா கத்தியைக் கீழே இறக்கினார். குசினிக்குள் இருந்து அம்மா சத்தம் போட்டா: "இஞ்சருங்கோ, வெங்காயம் கருகுது. கெதியா வெட்டுங்கோ!"

"சூரனைத் தூக்கிற கையால இதை எப்பிடியடி வெட்டுறது?"

"போன தீபாவளிக்கு இறக்கக்கண்டியில வெட்டினனீங்கள்தானே?"

"அது வெறும் சேவலடி."

நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். "அப்பா, நான் பொய் சொன்னனான். பிஸ்கட்டுக்காகச் சொன்னனான். இது நரியில்லை, சத்தியமா நரியில்லை!"

தங்கச்சி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா இப்பதான் பொய் சொல்லுறா அப்பா. கறி தின்னுறதுக்கு."

ஐந்து வயதில் அவளுக்கு இருந்த வாய்! அப்பா கத்தியைச் சுவரில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அந்தச் சரக்கை வீணாக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கை வெட்டிப் போட்டுக் கறி வைத்தா. கோழியில்லாத கோழிக்கறி. "நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். நான் தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். மறுநாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. ஆறு நாளைக்கு வீட்டில் மீன் வாடையும் இல்லை.

விரதம் முடியட்டும், பிறகு அம்மாவைப் பிடித்து எப்படியும் வெட்டுவிக்கலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கிலும் மண் விழுந்தது. கோயிலில் பறக்க விடுவதற்கு அந்த முறை ஒரு சேவலும் கிடைக்கவில்லை. கோயில் தலைவர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு எங்கள் படலைக்கும் வந்தார். அப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். அது தலைவரின் பெருவிரலைக் கொத்தியது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இருட்டுவதற்கு முன் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் சூரனை அந்த வருசம் வெயிலிலேயே கொன்றார்கள். அப்பா வேர்த்து ஒழுகச் சூரனை ஆட்டினார். தலைகள் விழுந்தன. மாங்கொப்பு வந்து போனது. பிறகு தலைவர் எங்கள் சேவலை உயர்த்தி விட்டார். அது பறந்துபோய், தலையில்லாத சூரனின் தோளில் இறங்கி, கீழே நின்ற அப்பாவின் தலையில் எச்சமிட்டது. சனம் அரோகரா என்று கைகூப்பியது. தங்கச்சி மட்டும், "நரியார்! எங்கட நரியார்!" என்று குதித்தாள். அவளுக்குப் படம் அன்றைக்குத்தான் முடிந்தது.

விடிய எழும்பிப் பார்த்தால் அது எங்கள் குசினித் தூணடியில் நிற்கிறது. கோயிலில் விட்ட சேவலை இனி ஒருத்தரும் தொடக் கூடாது. அது நாலைந்து வருசம் கயிறும் இல்லாமல், என் குதிக்காலைக் கொத்திக்கொண்டு, ராசா மாதிரி இருந்து வயதுபோய்ச் செத்தது. அந்தத் தாராக்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு நரியை ஒழுங்காக முடித்துவைக்கத் தெரியாதவர்கள் எதற்குப் பிள்ளைகளுக்குப் படம் கீறுகிறார்கள்?

சனிக்கிழமைப் படம் பிறகும் ஓடியது. ஒருநாள் ஒரு கெட்ட கரடியை மலையிலிருந்து கடலுக்குள் தள்ளினார்கள். மேலே வரவில்லை. தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

"அவர் என்னவா வந்தவர் அக்கா?"

இந்த முறை நான் அவசரப்படவில்லை. நன்றாக யோசித்தேன்.

"பாவக்காயா வந்தவர்."

அன்றைக்குப் பின்னேரம் அம்மா எனக்கு ஆகாத பாகற்காயை எடுத்து வைத்து அரிவாள்மனையைத் தொட்டதும் தங்கச்சி ஓடிப்போய் மறித்தாள். "அம்மா, வெட்டாதேங்கோ. அது கரடியார்!"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தா. பிறகு ஆற அமரப் பாகற்காயை வெட்டி, கறியாக்கி, என் தட்டில் இரண்டு அகப்பை போட்டா.

"கரடியெண்டால் உடம்புக்கு இன்னும் பலம். சாப்பிடு," என்றா.