நோவா தட்டாத கதவு

பாதர் தந்த கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளத்தில் ஊறிக் காய்ந்ததில் உப்பிப் போய்விட்டது. நடுவில் ஒரு பக்கம். மேலே எழுத்துகள் தெளிவு. கீழே மை கரைந்து வெறும் நீலம். மழைக்காலம் தொடங்கினால் அந்த நீலத்தைத்தான் எடுத்தெடுத்துப் பார்ப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட தோணிக்காரன். ஞாயிறுதோறும் பாதரை வாவிக்கு அக்கரையிலிருந்த சிறு கோயிலுக்குப் பூசைக்கு ஏற்றிப் போவேன். சைவக்காரனான எனக்கு அவர் வேதம் போதிக்கவில்லை. வேதத்து ஆட்களைப் பற்றி யூத ஞானிகள் அந்தக் காலத்தில் போட்ட சண்டைகளை ஊர்வம்பு போலச் சொல்வார். பெருவெள்ளத்தில் பேழை கட்டிக் குடும்பத்தோடு தப்பிய நோவா 'தன் காலத்தில் நீதிமான்' என்கிறது வேதம். அந்தக் கெட்ட காலத்தில் மட்டும்தான் நல்லவன் என்றாராம் ஒரு ஞானி. நல்ல காலத்தில் பிறந்திருந்தால் இன்னும் நல்லவனாய் இருந்திருப்பான் என்றாராம் மற்றவர். ஆபிரகாம் அயலூருக்காகக் கடவுளோடு வாதாடினான், நோவா ஒருவருக்காகவும் வாய் திறக்கவில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டாம். தண்ணீர் கணுக்காலைத் தொடும்வரை அவனே பேழையில் ஏறவில்லையாம்.

"அப்ப அவனும் என்னப்போல நம்பிக்கையில்லாதவன்தான், பாதர்."

"இல்ல மனே. நீ கணுக்கால் வரைக்கும் பாத்திருக்க மாட்டாய். மேகம் கறுத்தாலே ஏறிருவாய்."

"நீங்க எந்த ஞானியிர பக்கம்?"

"கொப்பியில எழுதி வெச்சிருக்கன். மறுகா சொல்றன்."

அந்த மார்கழியில் நிரம்பிய குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முற்றத்தில் நீர் ஏறுமுன்பே பெண்சாதி பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிவிட்டேன். பாதரின் வீட்டைக் கடக்கும்போது கதவு சாத்தியிருந்தது.

"ஒரு சத்தம் வெச்சுப் பாருங்களன்," என்றாள் பெண்சாதி.

"அவருக்குக் கோயில் ஆக்கள் இருக்காங்க. பேசாம இரு."

தோணியில் இன்னும் ஒருவருக்கு இடமிருந்தது.

கோயில் ஆட்களோ தோணிக்காரன் ஏற்றியிருப்பான் என்று இருந்துவிட்டார்கள். இரண்டு நாள் மேசைமேல் நனைந்தபடி இருந்தவரை மூன்றாம் நாள்தான் மீட்டார்கள். பார்க்கப் போனேன். காய்ச்சலில் கிடந்தவர், "வா நோவா," என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நானும் சிரித்தேன். "காய வெச்சு வாசி," என்று கொப்பியைத் தந்தார். காய்ச்சல் விடட்டும், பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். காய்ச்சல் விடவேயில்லை. அவரை அடக்கம் செய்த பிறகுதான் கொப்பி காய்ந்தது.

இன்றும் தாழமுக்கம், பெருமழை வரும் என்கிறார்கள். வாவிக்கரையில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். "வெயில் எறிக்குது, இந்த மனிசனுக்கு விசர்," என்று சிரிக்கிறார்கள். கொப்பியை விரித்திருக்கிறேன். இரண்டு ஞானிகள் சொன்னதும் தெளிவாக இருக்கிறது. அதன்கீழ் 'என் எண்ணம்' என்று பாதர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நீலம்.