சின்னவள் முதலில் சொல்லட்டும்

மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, கூடவே வந்த துணிப்பையை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டேன். அதைத் திறக்க மனம் வரவில்லை. கிளினிக் அட்டை அதற்குள்தான் இருக்கிறது என்று இன்று நினைவு வந்து இறக்கினேன். சிப்பை இழுத்ததும் வந்தது அந்த வாசனை. ஸ்பிரிட், தரை கழுவும் மருந்து, காயாமல் சுருட்டி வைத்த துவாய், எல்லாம் கலந்த வாசனை. பையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"அம்மா, இன்னிக்கு இது எத்தனாவது தடவ?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். டெங்குவிலிருந்து பிழைத்து வந்து, இரண்டு வேளை சோறு கேட்டுச் சாப்பிடுகிற பிள்ளையின் காலை எதற்கு இன்னும் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று. என் கணவரும் அதைத்தான் கேட்கிறார். நான் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவள். 'பென்சன் வேலையை விட்டவள்' என்றுதான் கணவர் வீட்டில் இன்றும் என்னை அறிமுகப்படுத்துவார்கள். ஏதோ பஸ்ஸில் குடையை விட்டு வந்தவளைப் போல. இப்போது வீட்டிலே பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறேன். சிங்களத்தில் படித்த நர்ஸ் படிப்பில் மிச்சம் இருப்பது, காலைத் தொட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

அந்த ஸ்பிரிட் வாசனை என்னை இழுத்துக்கொண்டு போனது மாத்தளையிலிருந்து எல்கடுவப் பக்கம் மேலே ஏறும் பாதையில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு. பெயர் வேண்டாம். பெண்கள் வார்டில் எனக்கு வேலை. படுத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பெண்கள். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரரைப் போல உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த படுக்கைத் துணி ஒன்றும் நேரத்துக்குக் காயாது. ஈரத் துணியும் ஸ்பிரிட்டும் சேர்ந்த மணம் எங்கள் தலைமுடியில்கூட இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டே, "மிஸ்ஸி, ஊசி போட்டா வலிக்குமா?" என்று கேட்பார்கள்.

அந்த வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சோமா சிஸ்டர். சிங்களப் பெண். கனத்த உடம்பு. வெள்ளைச் சப்பாத்து காலைக் கடிக்கிறது என்று ரப்பர் செருப்போடுதான் நடப்பார். டாக்டர் வருகிற சத்தம் கேட்டதும் சப்பாத்தைத் தேடிக்கொண்டு மொத்த வார்டும் ஓடும், படுத்திருப்பவர்கள் உட்பட. வார்டு சுத்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சுவர்க் கடிகாரம்கூடச் சாய்ந்துதான் தொங்கும். கட்டிலுக்கு அடியில் வெற்றிலைப் பையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் கிடக்கும்.

ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை மாறும் நேரத்தில், போகிறவர்களும் வருகிறவர்களும் அவரோடு ஒவ்வொரு கட்டிலாக நடக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் நின்றதும் சீனியர் நர்ஸ் வாயைத் திறப்பார். சோமா சிஸ்டர் விரலைத் தூக்குவார்.

"நீ கொஞ்சம் இரு. சின்னவ மொதல்ல சொல்லட்டும். என்ன கண்டே?"

ரொம்ப நாளாக அந்த வார்டில் சின்னவள் நான்தான். முதல் வாரத்தில் ஒரு நாள், "இந்த அம்மா சோத்த சாப்பிடாம தலகாணிக்குக் கீழ ஒளிச்சு வைக்கிறாங்க சிஸ்டர்" என்றேன். பெரிய நர்ஸ்மார் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். விசாரித்தால் ஒன்றுமில்லை. பார்க்க வருகிற பிள்ளைக்காக எடுத்து வைத்திருக்கிறாள். என் முகம் எரிந்தது. சோமா சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டு, "சரி. நாளைக்கும் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

அதோடு முடியாது. கடைசியில் நோயாளியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இந்த மிஸ்ஸி நோனா சொன்னது சரிதானே?" என்று கேட்பார். ஒரு கிழவி ஒரு நாள், "எங்கங்க பெரிய மிஸ்ஸி. கஞ்சி குடிச்சேன்னு சொல்றாங்க. கஞ்சி ஜன்னலால போயி ரொம்ப நேரமாச்சு" என்றாள். வார்டே சிரித்தது. கஞ்சி ஊட்டியதாகச் சொன்ன நர்ஸும் சிரித்தாள், வேறு வழியில்லாமல்.

இப்படி நடந்து முடிப்பதற்குள் கீழே இறங்கும் பஸ் போய்விடும். பஸ் நிறுத்தத்தில் நின்று சோமா சிஸ்டரைத் திட்டாத நாளில்லை. அவருக்கு இடமாற்றம் வந்தபோது, உண்மையைச் சொன்னால், எங்களில் பலருக்கு நிம்மதிதான். இனிமேல் நேரத்துக்கு வீடு போகலாம்.

அடுத்து வந்தவர் மாலனி சிஸ்டர். அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். வந்த கொஞ்ச நாளிலேயே வார்டு பளிச்சென்று ஆகிவிட்டது. மருந்து ஒரு நிமிஷம் பிந்தாது. படுக்கைப் புண் ஒருவருக்கும் வரவில்லை. கடிகாரம் நேரானது. டாக்டர்மார் புகழ்ந்தார்கள். வேலை மாறும்போது எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்போம், சீனியர் குறிப்பை வாசிப்பார், முடிந்தது. பஸ்ஸும் கிடைத்தது. சின்னவர்கள் ஏதாவது சொல்ல வந்தால் மாலனி சிஸ்டர் சொல்வது ஒன்றுதான்.

"நிச்சயமா தெரிஞ்சா சொல்லு. தெரியாட்டி பார்த்துட்டு வா."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்குப் பிறகு புதிதாக வந்த ஒரு பிள்ளை, யாருக்கோ மூச்சு வாங்குகிறது என்று ஓடிப்போய்ச் சொல்லி, அது ஒன்றுமில்லை என்று ஆனபோது, எல்லோருக்கும் முன்னால், "டாக்டர் வேலைய நீ பார்க்க வேணாம்" என்று மாலனி சிஸ்டரிடம் ஏச்சு வாங்கினாள். அன்றிலிருந்து அவள் ஓடவில்லை.

அப்போதுதான் செல்லம்மா வந்தாள். கொழுந்துக் கூடையோடு மழையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டவள். மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பின்னேரம் முழுக்க, "கட்டு கடிக்குதுங்க மிஸ்ஸி, உள்ளுக்குள்ள கடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். புதிய பிள்ளை போய்ப் பார்த்திருக்கிறாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்துக் குளிர்ந்து இருந்திருக்கின்றன. சொல்லலாமா என்று யோசித்திருக்கிறாள். ஆனால் அந்த மலையில் யாருக்குத்தான் கால் குளிராது? எங்கள் எல்லோருடைய காலும் ஆடி மாதத்தில் ஐஸ்தான். கம்பளியை இழுத்து அந்த விரல்களை நன்றாக மூடிவிட்டிருக்கிறாள். அன்போடுதான் மூடியிருக்கிறாள். மூடிய பிறகு அந்த விரல்களை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது டாக்டர் கட்டை வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கால் வீங்கி இறுகி, இரத்தம் ஓட வழியில்லாமல் இருந்திருக்கிறது. கண்டிக்குக் கொண்டு போனார்கள். காலை எடுக்கவில்லை. ஆனால் பாதத்தைத் தூக்க அவளால் பிறகு முடியவேயில்லை. தேயிலை மலையில் பாதத்தைத் தூக்க முடியாதவளுக்கு என்ன வேலை இருக்கிறது?

"ஏன் சொல்லல?" என்று மாலனி சிஸ்டர் அந்தப் பிள்ளையிடம் கேட்டார்.

"நிச்சயமா தெரியல சிஸ்டர்."

மாலனி சிஸ்டர் பக்கத்துக் கட்டிலுக்குப் போய், சரியாகத்தான் இருந்த ஒரு படுக்கை விரிப்பை இழுத்து மறுபடி சரியாக விரித்தார்.

இதையெல்லாம் நான் மறந்துதான் இருந்தேன். மறதி ஒரு வசதி. போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்து, டெங்கு என்று சொல்லி வார்டில் சேர்த்தபோது, மழைக்காலம் என்பதால் ஒரு கட்டிலில் இரண்டு பேர். நர்ஸ்மாரோ விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மற்றவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். இருந்த பொறுப்பு சிஸ்டர் இரண்டு வார்டைப் பார்த்துக்கொண்டு, ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடியே நடந்தார். அவர் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. கோபக்காரர் இல்லை. நேரம் இல்லாதவர். யார் எதைச் சொல்லப் போனாலும், "சுருக்கமா, சுருக்கமா" என்பார். சுருக்கமாகச் சொல்வதற்குள் ஃபோன் அடிக்கும்.

முன்னாள் நர்ஸ் என்று நான் வாய் திறக்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற அம்மாமாரை எந்த வார்டிலும் யாருக்கும் பிடிக்காது. எங்களுக்கும் பிடித்ததில்லை.

ஒரு நாள் முற்பகல் காய்ச்சல் விட்டது. என் கணவர் ஃபோனில், "உடம்பு குளிர்ந்துருச்சா? அப்பாடா, சாமி காப்பாத்திட்டாரு" என்றார். பக்கத்துக் கட்டிலில், லக்கலயிலிருந்து மகளைக் கொண்டு வந்திருந்த சிங்களத் தாயும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் சிரித்தேன். அம்மாவாக இருக்கும்போது தெரிந்ததெல்லாம் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

தர்ஷினி என்று ஒரு புதிய நர்ஸ். யட்டவத்தயிலிருந்து வருகிற தமிழ்ப் பிள்ளை. மகளின் பிரஷரைப் பார்த்தாள். விரல் நகத்தை அழுத்தி விட்டு, இரத்தம் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். சிஸ்டரின் மேசைக்குப் போனாள், நின்றாள், ஃபோன் அடித்தது, திரும்பி வந்தாள். திரும்பி வந்து மகளின் போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

அந்தப் போர்வையைப் பார்த்ததும் செல்லம்மாவின் கம்பளி எனக்கு எங்கே வந்து இடித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"மிஸ், என்ன கண்டீங்க?" என்று கேட்டேன். "சரியா இருக்கணும்னு இல்ல. கண்டத சொல்லுங்க."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பிரஷர் மேல இருக்கிற நம்பர் சரிதான் அம்மா. ஆனா மேலயும் கீழயும் நெருங்கிக்கிட்டே வருது. கை ஜில்லுன்னு இருக்கு. மூத்திரமும் கொறஞ்சிருச்சு. எனக்கு என்னமோ…"

"சிஸ்டர்கிட்ட சொல்லலையா?"

"போனேன். ஃபோன் வந்துருச்சு. அப்புறம் எனக்கே சந்தேகமா போச்சு."

"ஒரு பேஷண்டோட அம்மா சத்தம் போடுறாங்கன்னு போயி சொல்லுங்க."

"அப்படி சொல்ல ஏலாதே. நீங்க போடலையே."

"இப்ப போடுறேன்."

டியூஷன் பிள்ளைகளைக்கூட அதட்டத் தெரியாதவள் நான். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. தொண்டை கிழிந்தது மட்டும் நினைவிருக்கிறது. சிஸ்டர் ஃபோனோடு வந்தார். "என்ன இது, சந்தையா?"

"இந்த மிஸ் சொல்றத கேளுங்க சிஸ்டர். அப்புறம் என்னைய வெளிய அனுப்புங்க."

தர்ஷினி சொன்னாள். இந்த முறை முழுக்கச் சொன்னாள். சிஸ்டர் ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டு மகளின் நகத்தைத் தானே அழுத்தினார். அதன் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். அந்தக் களைத்த உடம்புக்குள் அப்படி ஒரு நர்ஸ் இருந்தாள். டாக்டர் வந்தார். சேலைனை மாற்றினார்கள். கட்டிலை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். அன்றும் மறுநாளும் நான் கதிரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பின்னேரம், "அம்மா, பசிக்குது" என்றாள். வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் சிஸ்டரிடம், "நல்ல நேரத்துல பார்த்தீங்க" என்றார். தர்ஷினியிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் நன்றி சொன்னபோது, "பரவால்ல அம்மா. ஆனா உங்களுக்கு நடிக்க வரல" என்று சிரித்தாள்.

இப்போதும் என்னை உலுக்குவது ஒன்றுதான். எனக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. லக்கலத் தாய்க்குத் தெரியாது. அவள் பிள்ளையும் பிழைத்தாள். ஆனால் அவள் பிள்ளையின் போர்வையைத் தூக்கிப் பார்க்க யார் இருந்தார்கள்?

இதுவரை சில நாளுக்கு முன் எழுதி வைத்திருந்தேன். நேற்றுக் கிளினிக்குக்குப் போய் வந்தோம். தர்ஷினிக்கென்று பட்டர் கேக் செய்து கொண்டுபோனேன். வார்டில் அவள் இல்லை. சிஸ்டர் மேசையில் இருந்தார். எங்களை அடையாளம் தெரிந்து, பக்கத்தில் கூப்பிட்டு மகளின் கன்னத்தைத் தட்டினார்.

"தர்ஷினி போயிட்டா. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக, பாஷை படிக்க கண்டிக்கு. எல்லாரும் போறாங்க, நான் யார புடிச்சு வைக்க?" என்றார் சிங்களத்தில். "அவ எடத்துக்கு ஆளும் போடல. நல்ல புள்ள. என்ன, வாயே தொறக்க மாட்டா."

"எங்கிட்ட நிறைய பேசுவாங்களே," என்றாள் மகள், அவளும் சிங்களத்திலேயே. "ஒவ்வொரு கட்டிலையும் பத்தி சொல்லுவாங்க. யாருக்கு என்ன சரியில்லன்னு."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். நான் அந்த வார்டில் இருந்த நாளெல்லாம் அவர் அதை அப்படிக் கவிழ்த்து வைத்துப் பார்த்ததில்லை.

"என்ன சொல்லுவா?" என்று கேட்டார்.

மகள் சொல்லத் தொடங்கினாள். சொல்ல வேண்டியவள் அந்த நேரம் கண்டியில் எங்கோ ஒரு வகுப்பில், இன்னொரு நாட்டு நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கப் படித்துக்கொண்டிருந்தாள்.