படத்தில் இல்லாத மின்தேக்கி

“கரண்டு எங்க போகுதுன்னு தெரியணும்னா…” என்று தொடங்கி என் பெரியப்பா ஏதோ சொல்வார். செம்பனை எண்ணெய் ஆலையில் வயரிங் வேலை பார்த்தவர். மீதி மறந்துவிட்டது, சொல்லி முடித்ததும் மூக்குப்பொடி போடுவார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மின்சுற்றை வரைவது பாதி வேலைதான். அதை ஆய்விதழ் ஒத்துக்கொள்ளும் கோப்பாக மென்பொருளிலிருந்து வெளியே எடுப்பது மீதி. வெளிநாட்டு வேலையை விட்டு மலேசியாவுக்கு, கோல சிலாங்கூருக்குத் திரும்பிய பிறகு, ஆய்வு மாணவர்களுக்கு இந்த மீதியைத்தான் செய்து கொடுக்கிறேன். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

திரையைப் பிடித்த கைப்பேசி

யோகேஸ்வரி, கெர்லிங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். சபாக்கில் செம்பனைக்காட்டு வாய்க்கால்களின் நீர்மட்டத்தை அளக்க ஒரு கருவி செய்திருந்தாள். அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தால்தான் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். அதிலிருந்த மின்சுற்றுப் படம் தெளிவில்லை என்று ஆய்விதழ் திருப்பிவிட்டது.

கணினித் திரையைக் கைப்பேசியில் பிடித்து, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, கட்டுரையில் ஒட்டியிருந்தாள். மின்தடைகளின் மேல் வானவில் போல அலையலையாகக் கோடுகள். மூலக்கோப்பைக் கேட்டேன்.

“அதுல இருந்தே நேரா எடுக்கலாமாண்ணே? நான் லேப் லைட்டெல்லாம் அணைச்சுட்டுல்ல பிடிச்சேன்!”

சதுரம் சதுரமாக

கறுப்புப் பின்னணியை வெள்ளையாக்கி, புள்ளிக் கட்டத்தை மறைத்து, இதழ்ப் பக்கத்தின் பத்தி அகலத்துக்குச் சுருக்கி, பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாக நின்றது, என் கணினியில். அவள் கணினியில், மின்தடையின் அளவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய குறியெல்லாம் வெறும் சதுரம். எழுத்துரு கோப்புக்குள் சேரவில்லை. உங்களுக்கும் நடந்திருக்கும்.

நான் திருத்துவதற்குள் அவளுடைய மேற்பார்வையாளர் டாக்டர் குணா பார்த்துவிட்டுப் போன் போட்டார்.

“என்ன சார், ஒவ்வொரு ரெசிஸ்டரும் ஜன்னல் வெச்சுக்கிட்டு நிக்குது?”

நீலப் பொட்டு

சதுரங்களைச் சரிசெய்தேன். திருத்திய படத்தை ஆய்விதழுக்கு அனுப்ப அன்று மாலைதான் கெடு. அவளுக்கு அனுப்பும் முன் ஒத்துப்பார்க்க, கருவியின் புகைப்படத்தைக் கேட்டு வாங்கினேன். பலகையின் ஓரத்தில் நீலப் பொட்டு மாதிரி ஒரு மின்தேக்கி. மின்சுற்றுப் படத்தில் அது இல்லை. யோகேஸ்வரியைப் போனில் கேட்டேன்.

“மழை பெஞ்சா ரீடிங் ஆடுச்சுண்ணே. அங்கேயே இதை ஈயம் வெச்சுப் பத்தவெச்சேன். அப்புறம் ஆடவே இல்ல.”

“கட்டுரையில போட்டிருக்கிற ரீடிங்?”

“அதுக்கு அப்புறம் எடுத்ததுதான்…”

படத்தில் சேர்த்தால் கட்டுரையிலும் ஒரு பத்தி மாறவேண்டும். டாக்டர் குணா சம்மதிக்கவேண்டும். அவள் குரல் இறங்கிவிட்டது. “இன்னிக்கு விட்டா அடுத்த செமஸ்டர்தாண்ணே. இந்தத் தடவ முடிச்சிருவேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

டாக்டர் குணாவை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

“விடுங்க சார், அந்தச் சதுரம் போயிட்டா படம் அழகா இருக்கும் லா. இதைப் பார்த்து யாரு செஞ்சு பார்க்கப் போறா?”

மின்தேக்கியை அதன் இடத்தில் வரைந்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, மின்தேக்கி உள்ள அந்த ஒரு கோப்பை மட்டும் யோகேஸ்வரிக்கு அனுப்பினேன்.