தம்பலகாமத்து வெளியில் பறக்கப் பழகினேன்

தம்பலகாமத்தில் இருக்கும் கணவரின் சொந்தக்காரர் வீட்டுக்குப் புது அரிசி வாங்கப் போய், அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டோம். விடியற்காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது தலைக்கு மேலே புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் போல ஒன்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பெரிய மஞ்சள் பரசூட் ஒன்று வில்லாக வளைந்து நிற்க, அதன் கீழே ஒரு மனிதர் கதிரையில் இருந்தபடி வானத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு வரைக்கும் எனக்குத் தெரிந்தது. என்னைக் கண்டு கையை அசைத்தார். நானும் சவர்க்கார நுரையோடு கையை அசைத்தேன்.

அவர் அறுவடை முடிந்த வயலொன்றில் இறங்குவதைக் கண்டதும் முகத்தைக்கூடத் துடைக்காமல் அந்தப் பக்கம் நடந்தேன். கணவர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் அது மூன்று சில்லில் உருளும் இரும்புச் சட்டம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, அவற்றுக்குப் பின்னால் எஞ்சினும் காற்றாடியும். செருப்புக்காரருக்கு முப்பது வயதுக்குமேல் இருக்கும். கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி ஆள். வளைகுடா நாடொன்றில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் இடத்தில் வாகனம் கழுவப் போனவர், அங்கேயே பறக்கப் பழகி, மற்றவர்களுக்குப் பழக்கவும் லைசன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார்.

"பொம்பிளையள் இதைப் பழகலாமோ?" என்று கேட்டேன்.

"கையும் காலும் வேலை செஞ்சாப் போதும். நீங்க என்ன செய்யிறீங்க?"

"ஆஸ்பத்திரியில தியேட்டர் நேர்ஸ்."

"அப்ப சரி மிஸ். சொன்னதைக் கேப்பீங்க."

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. என் வேலைநாள் முழுவதும் ஜன்னல் இல்லாத சத்திரசிகிச்சை அறைக்குள் போய்விடும். வெளியே மழையா வெயிலா என்று சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியவரும். அந்த வேலையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், மோட்டார் சைக்கிளின் பின்னால் அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு, வானத்தையே பார்த்தபடி வந்தேன். உப்புவெளியில் வீட்டு வாசலில் இறங்கியதும் கணவரிடம் சொன்னேன்.

"நான் அதைப் பழகப்போறன்."

"எதை?"

"காலமை பார்த்தமே, அதை."

அவர் மூட்டையை இறக்கிக் குசினிக்குள் வைத்துவிட்டு வந்தார். "நீர் பகிடிக்குத்தானே கதைக்கிறீர்?"

"இல்லை."

மட்டக்களப்பில் படிக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மாவோட ஒருக்காக் கதையும், என்னால ஏலாது" என்றார். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படம் எடுத்து அனுப்புங்கோ அம்மா" என்றாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

ஓய்வு கிடைக்கிற நாட்களில் விடியுமுன்னே புறப்படுவோம். இந்தப் பறப்புக்குக் காற்று அசையக்கூடாது. கச்சான் எனும் வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறினால் வயல்வெளியில் நிற்கவே முடியாது, பறப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் காலைச் சாப்பாட்டுக்கு முன்னே எல்லாம் முடிந்துவிடும். கணவர் மருதமரத்தின் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்துக்கொண்டு இருப்பார்.

முதல் சில வாரங்கள் நான் தரையை விட்டு எழும்பவே இல்லை. பரசூட்டை நிலத்தில் விரிக்க வேண்டும், கயிறுகளை ஒவ்வொன்றாகத் தடவிச் சிக்கல் பார்க்க வேண்டும், மடிக்க வேண்டும், திரும்பவும் விரிக்க வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கத்தியையும் கவ்வியையும் பஞ்சையும் எண்ணிச் சரிபார்க்கிற கைக்கு அது பழகிய வேலைதான்.

வண்டியை ஓடத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. எஞ்சின் தள்ள, வண்டி ஓட, பின்னால் கிடக்கிற துணி காற்றை வாங்கி எழும்பித் தலைக்கு மேலே வந்து நிற்க வேண்டும். அது நேரே நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகுதான் வேகத்தைக் கூட்டலாம். நான் பார்க்காமலே கூட்டினேன். துணி இடப்பக்கம் சரிந்து வண்டியை இழுத்தது. அடுத்த நிமிடம் நான் பக்கவாட்டில் கிடந்தேன், வாய் நிறைய வயல் மண். எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு ஆண்களும் ஓடிவந்தார்கள். கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்கையாவது நோகுதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மண்ணைத் துப்பிவிட்டு இல்லை என்றேன்.

பழக்குகிறவர் கோபிக்கவில்லை. "மேல பாக்காம ஓடினா இதுதான் நடக்கும். நானும் விழுந்திரிக்கன். வாங்க மிஸ், திரும்ப விரிப்பம்" என்றார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அன்றே இன்னொருமுறை ஓடினேன்.

அவரோடு சேர்ந்து முதன்முதலில் எழும்பிய காலை நன்றாக நினைவிருக்கிறது. நான் முன்னால், அவர் பின்னால். சில்லுகளின் அதிர்வு சட்டென்று இல்லாமல் போனது. நிலத்தை விட்டதற்கு அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அடையாளம். கீழே பார்த்தபோது மருதமரம் ஒரு குடை அளவில் இருந்தது. கைப்பிடியைத் தள்ளினால் மேலே போகும், இழுத்தால் இறங்கும். வலது காலால் மிதித்தால் வலப்பக்கம் திரும்பும், இடது காலால் இடப்பக்கம். பறக்கும் வேகம் ஒரே வேகம்தான். சைக்கிளில் சந்தைக்குப் போகிறவர் போல ஆறுதலாகப் போகலாம்.

வயலோரக் குளத்துக்கு மேலே திரும்பியபோது எங்கள் ஊர்த் துறைமுகம் தூரத்தில் தெரிந்தது. அதன் மேலே பறக்க எங்களுக்கு அனுமதி இல்லை. எழும்புமுன் ஒவ்வொரு நாளும் சீனக்குடா விமானத்தளத்துக்கு அறிவித்து, அவர்கள் விட்ட எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். ஆனால் பார்ப்பதை யார் தடுப்பது? மலைகளுக்கு நடுவே தண்ணீர் விரல் விரலாக உள்ளே நுழைந்து கிடந்தது. கோதுமை இறக்க வந்த கப்பல் ஒன்று. அதற்கும் அப்பால் கோணேசர் மலை ஒரு சிறிய மேடு. இந்த ஊரில் பிறந்து, இதே ஊரில் வேலை செய்து, அந்தத் தண்ணீரின் உருவம் என்னவென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"எப்பிடி மிஸ்?" என்றார் பின்னாலிருந்து.

"கப்பல் இவ்வளவு சின்னனோ?" என்றேன்.

இடையில் மருத்துவப் பரிசோதனை, காற்றும் முகிலும் வான் விதிகளும் பற்றிய எழுத்துப் பரீட்சை எல்லாம் நடந்தன. பரீட்சை ஆங்கிலத்தில். சாப்பாட்டு நேரத்தில் நான் முகில்களின் பெயர்களைப் பாடமாக்க, மயக்கமருந்து டொக்டர் கேள்வி கேட்டுச் சரிபிழை பார்த்தார். எனக்கு முன்னரே அவருக்கு எல்லாம் பாடமாகிவிட்டது.

பிறகு ஒருநாள் பழக்குகிறவர் பின் இருக்கையில் ஏறவில்லை. "இண்டைக்குத் தனியப் போங்க. ஒரு சுற்று, அவ்வளவுதான்" என்றார். கணவர் மரத்தடியில் எழுந்து நின்றார்.

பாரம் குறைந்த வண்டி நினைத்ததைவிடக் கெதியாக எழும்பியது. பயம் இருந்தது. ஆனால் கைகளுக்கு வேலை இருந்ததால் பயத்துக்கு இடம் குறைவு. குளத்தைச் சுற்றித் திரும்பி, இறங்குவதற்காக வயலுக்கு நேரே வந்தபோது ஹெல்மெட் ரேடியோவில் பழக்குகிறவரின் குரல் கேட்டது.

"மிஸ், இறங்காதீங்க. மேல போங்க. ஆனை."

அப்போதுதான் கண்டேன். பற்றையிலிருந்து யானைகள் வரிசையாக வயலுக்குள் வந்துகொண்டிருந்தன. பெரியவற்றின் கால்களுக்கிடையே குட்டி ஒன்றும். வைக்கோல் தின்ன வந்திருந்தன. பழக்குகிறவரும் கணவரும் பக்கத்தில் நின்ற உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறி நிற்பது தெரிந்தது.

கைப்பிடியைத் தள்ளி உயர்ந்தேன். அவற்றின் மேலாகப் போனால் எஞ்சின் சத்தத்துக்கு வெருண்டு இவர்கள் நிற்கிற பக்கம் ஓடினாலும் ஓடும். அதனால் குளத்தின் மறுபக்கம் போய் வட்டமிட்டேன். யானைகள் அவசரப்படவில்லை. வெயில் ஏற ஏற, துணியின் ஓரம் மெல்லத் துடிக்கத் தொடங்கியது. காற்று எழும்புகிறது என்று அர்த்தம்.

"வேற வயல் பாக்கிறன்" என்று ரேடியோவில் சொன்னேன்.

"கரண்டுக் கம்பியைப் பாத்துக்கங்க மிஸ்" என்றார்.

ரோட்டோரத்து வயல்கள் வசதியாகத் தெரிந்தாலும் அங்கெல்லாம் மின்கம்பி ஓடியது. குளக்கட்டுக்குக் கீழே வாய்க்காலுக்கு அப்பால் ஒரு வயல் காலியாகக் கிடந்தது. ஓரத்தில் ஆட்கள் நெல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை மேலாகப் போய்க் கம்பியும் கட்டையும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, காற்றுக்கு எதிரே திரும்பி, எஞ்சினின் வேகத்தைக் குறைத்தேன். நிலம் கிட்ட வந்ததும் இரண்டு கால்களாலும் சேர்த்து மிதித்து வண்டியைத் தணித்தேன். சில்லுகள் வரம்பில் ஒருமுறை குதித்து, நின்றன. எஞ்சினை நிறுத்தினேன். துணி எனக்குப் பின்னால் மெதுவாகப் படுத்தது.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கிட்ட வந்தாள். என்னையும் வண்டியையும் ஒருமுறை பார்த்தாள்.

"எங்கயிருந்து வாறீங்க?"

"உப்புவெளி."

"ஏன், பஸ் ஓடேல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியபிறகு நிறுத்த முடியவில்லை. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். செம்பின் அடியை நான் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் இருவரையும் ஏற்றிய உழவு இயந்திரம் சுற்றிவர நெடுநேரம் எடுத்தது. பழக்குகிறவர் இறங்கி நேரே என்னிடம் வந்தார், வண்டியைப் பார்க்கவே இல்லை. "இண்டைக்கு நான்தான் பயந்திட்டன், மிஸ்" என்றார். கணவர் என் ஹெல்மெட்டைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார். வீடு போகும்வரை அதை அவர் என்னிடம் தரவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்தார். அதிகம் பேசாத சிங்களவர். மேலே போனதும் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சினின் வேகத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, "இப்போது எஞ்சின் நின்றுவிட்டது, எங்கே இறங்குவீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒரு வயலைக் காட்டினேன். ஏன் அது, ஏன் பக்கத்தில் இருப்பது இல்லை என்றார். கம்பி, வாய்க்கால், எருமைகள் என்று காரணம் சொன்னேன். இன்னும் இரண்டு தடவை அப்படிச் செய்தார். இறங்கியதும் கணவர் நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்து, சீனி போதுமா என்று கேட்டதற்குப் போதும் என்று தலையசைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "பாஸ்" என்றார்.

லைசன் வந்த அன்று அதைத் தியேட்டருக்குக் கொண்டுபோனேன். படத்தில் நான் யாரையோ ஏசப்போகிறவள் போல இருந்தேன். சர்ஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி லீவு கேட்டா ஆர் இல்லையெண்டு சொல்றது?" என்றார். மயக்கமருந்து டொக்டர் மட்டும் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, அந்தப் பரீட்சைக்குத் தானும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். இப்போது அவரும் மாதத்துக்கு ஒருமுறை தம்பலகாமம் வருகிறார். துணி விரிக்கும் கட்டத்தில்தான் இன்னும் நிற்கிறார். கயிற்றைச் சிக்கலாக்காமல் விரிக்க அவரால் ஏலாது.

போன சனிக்கிழமை குளக்கட்டுப் பக்கத்து மேட்டுத் தரையிலிருந்து தனியாக எழும்பினேன். மாரி மழைக்குப் பிறகு குளம் நிறைந்து, வயலெல்லாம் இளம்பச்சை. கொக்குகள் எனக்குக் கீழே பறந்தன. கொஞ்ச நேரம் அவற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கித் துணியை மடித்துக் கட்டியபோது பழக்குகிறவர் அடுத்த மாணவியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மூதூரில் வங்கியில் வேலை செய்கிற பெண். நானும் கணவரும் சந்திக் கடையில் தோசையும் வடையும் சாப்பிட்டோம். அவர் எனக்காக இன்னொரு வடை சொன்னார். ஆஸ்பத்திரியில் பகல் கடமைக்கு இன்னும் நேரம் இருந்தது.