சுரங்க வாசலில் தொங்கிய வளையம்

கல்யாணமாகி நான் குடிபோனது ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கு. என் வீட்டுக்காரர் அங்கே போர்ட்டர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பிராவில் ஏழெட்டுப் பேரோடு படுத்து எழுந்தவளுக்கு, இரண்டு அறையும் புகைபோக்கியும் உள்ள குவாட்டர்ஸ் கிடைத்ததில் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. இலங்கை மலைநாட்டில் வட்டகொடைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

வெள்ளைக்காரன் அதை மனிதர்களுக்காகக் கட்டவில்லை, தேயிலைப் பெட்டிகளுக்காகக் கட்டினான். நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் பெட்டிகளுக்குத்தான் முதல் மரியாதை. மழை வந்தால் பெட்டிகள் கூரைக்கு உள்ளே, நாங்கள் வெளியே. துரைமார் உட்கார நெருப்பு எரியும் அறை ஒன்று தனியாக இருந்தது. ஆனாலும் அந்த ஸ்டேஷன் இல்லாமல் தோட்டத்துச் சனத்துக்கு ஒன்றும் ஓடாது. அரிசியும் மாவும் உரமூட்டையும் அங்கேதான் இறங்கும். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் பொதிகள் பார்சலில் வரும். தந்தியும் வரும். தந்தி என்றாலே ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று, பிரித்துப் படிக்கும் முன்பே பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். ஆண்பிள்ளை பிறந்த செய்திக்கு ஒருமுறை மூக்குச் சிந்தச் சிந்த அழுது தீர்த்தார்கள்.

ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டம். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. அங்கிருந்து ரோட்டால் சுற்றி வந்தால் அரைநாள் போய்விடும். ரயில் போகிற சுரங்கத்தால் வந்தால், வாயில் போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் வந்துவிடலாம். நடக்கக்கூடாது என்று மூன்று மொழியில் பலகை வைத்திருந்தார்கள். ஒரு மொழியிலும் யாரும் கேட்கவில்லை.

அது ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவர் கையில் ஒரு பெரிய வளையத்தைக் கொடுப்பார். அதில் தொங்கும் தோல்பைக்குள் ஒரு தகடு இருக்கும். அது கைக்கு வராமல் எந்த டிரைவரும் சக்கரத்தை உருட்டமாட்டார். அது கையில் இருந்தால் எதிரே ரயில் வராது என்று அர்த்தம். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் சனம் தங்களுக்கும் பிரம்பில் ஒரு வளையம் செய்துகொண்டது. இருட்டில், சுமையோடு, எதிரே வருவது யார் என்று தெரியாமல் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. சுரங்கத்தின் இரண்டு வாசலிலும் ஆணி அடித்திருந்தார்கள். வளையம் ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்தவர்தான் உள்ளே போகலாம். போய் மறுபக்க ஆணியில் மாட்டவேண்டும். உங்கள் பக்கம் வளையம் இல்லையா, குரல் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், யாராவது கொண்டுவருவார்கள்.

நாளாக ஆக அதுமேல் ஒரு நம்பிக்கை படர்ந்துவிட்டது. வளையம் கையில் இருந்தால் ரயிலே வராது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்.

"பெரம்பப் பாத்துட்டு கோச்சி நிக்குமாடி?" என்பார். ரயிலுக்கு எங்கள் பக்கம் கோச்சி என்றுதான் பேர். ரயில் வருகிற நேரத்தில் கொடியோடு வாசலில் நின்று ஆட்களை மறிப்பதும் அவர்தான்.

என் தங்கச்சியை அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். எனக்கென்று மிஞ்சியிருந்த ரத்த உறவு அவள் ஒருத்திதான். அவளுடைய முதல் பிள்ளை லயத்திலேயே செத்துப் பிறந்தது. இரண்டாவது நிறைமாதமானபோது, நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சொல்லிவிட்டார். அவள் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் சுரங்கத்தால் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவது, சாயங்கால ரயிலில் நான் கூட்டிக்கொண்டு போவது என்று பேச்சு.

அன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. பிளாட்பாரத்தின் ஒரு நுனியில் நின்றால் மறு நுனியைக் காணோம். என் வீட்டுக்காரர் சிக்னல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றத் தூரமாகப் போயிருந்தார். அந்த நேரத்தில் மாஸ்டர் அறையில் ரயில் வருவதைச் சொல்லும் மணி அடித்தது. வழக்கமாக ரயில் வருகிற வேளையே இல்லை.

மாஸ்டர் காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களவர். கழுத்தில் மப்ளரோடு வெளியே ஓடிவந்தார். "ஸ்பெஷல் கூட்ஸ்! அந்தப் பக்கம் இருந்து வாறது! உன் புருஷன் எங்க?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுரங்கத்துக்கு ஓடினேன். ஆணியில் வளையம் இல்லை. அவள் எடுத்துக்கொண்டு நுழைந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சீ!"

"வந்துட்டேன், இரு."

அவள் குரலேதான். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"கோச்சி வருது! சுவத்துப் பொந்துக்குள்ள ஒண்டிக்கடி!"

"வந்துட்டேன், இரு."

எத்தனை முறை கத்தினேனோ, அத்தனை முறையும் அதே பதில். குரல் கிட்ட வரவுமில்லை, தள்ளிப் போகவுமில்லை. பிறகு காலடியில் கல் அதிர்ந்தது. முதலில் புகை வந்தது, பின்னால் இஞ்சின் வந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை. தெய்வத்தை அன்று நான் திட்டிய திட்டை எழுதமுடியாது.

என் வீட்டுக்காரர் லாந்தரோடு ஓடிவந்தார். இரண்டு பேரும் உள்ளே போனோம். ஆள் ஒதுங்கச் சுவரில் குடைந்திருந்த பொந்து ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பிடித்தோம். ஒரு துணிக்கிழிசல்கூட இல்லை. மறு வாசலில் வெளியே வந்தால், கல்லின்மேல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள். கட்டிப்பிடித்து அழுதேன். அவளுக்கோ கோபம்.

"நான் வந்து குந்தினேன், கோச்சியும் உள்ள போயிருச்சு, இன்னும் காத்துக்கிட்டே இருக்கேன். வளையத்த யாரு எடுத்துக்கிட்டுப் போனா?"

அந்தப் பக்க ஆணியிலும் வளையம் இல்லை. இருந்திருந்தால் அவள் உள்ளே நுழைந்திருப்பாள். அந்த வயிற்றோடு நடந்து பாதி தூரம் வருவதற்குள் கூட்ஸ் அவளைப் பிடித்திருக்கும். அந்த வளையம் பிறகு எங்கேயும் அகப்படவில்லை. மறுநாள் காலை இரண்டு தோட்டத்திலும் வேலைக்கு முந்திய பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஒரு ஆளும் குறையவில்லை என்று என் வீட்டுக்காரர் விசாரித்துவந்து சொன்னார்.

"சத்தம் போட்டுக் கேட்டேன்க்கா. நீதானே உள்ள இருந்து, வந்துட்டேன் இருன்னு சொன்ன?" என்றாள் தங்கச்சி, அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே.

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அவளுக்கு இடுப்பு வலி தொடங்கியிருந்தது. சாயங்கால ரயிலை விட்டால் மறுநாள் காலைதான். போன ஆள் வெளியே வராமல் யாரும் நுழையக்கூடாது என்பது சனத்தின் சட்டம். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவள் அந்தக் கல்லைவிட்டு எழுந்திருக்கமாட்டாள்.

"நான்தாண்டி. வளையத்த இருட்டுல எங்கயோ போட்டுட்டேன். எந்திரி" என்றேன்.

அவர் லாந்தரோடு முன்னால் நடந்தார். நான் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவழியில் காற்று வீசி லாந்தர் அணைந்துவிட்டது. அவர் தீக்குச்சியை உரசினார், ஈரத்தில் பற்றவில்லை. தங்கச்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு அடிகூட எடுத்துவைக்க மறுத்தாள்.

"அக்கா... இருக்கியாக்கா?"

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"வந்துட்டேன், இரு" என்று பதில் வந்தது. என் குரல்தான். எங்களுக்கு முன்னால், அவரையும் தாண்டி, இருட்டுக்குள் இருந்து வந்தது.

அவர் உரசிக்கொண்டிருந்த தீக்குச்சியின் சத்தம் நின்றுபோனது. என் தங்கச்சியின் பிடி மட்டும் இளகியது. அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்து அவள் தைரியமாக நடக்க ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தும் என் குரல் கேட்டால் அவள் நின்றுவிடுவாள் என்று நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தேன்.