தந்தி வீட்டில் தங்கிவிட்ட செய்தி

நோர்வேயின் வடக்கு முனையில் நான் முதன்முதலாகத் தங்கிய வீட்டின் யன்னல் விளிம்பில் வெள்ளைப் பீங்கானில் ஒரு பொருள் கவிழ்ந்து கிடந்தது. கோப்பை என்று நினைத்துக் கையில் எடுத்தேன். கைப்பிடி இல்லை, உள்ளே திருகுப்புரி. தந்திக் கம்பத்தில் கம்பியைத் தாங்கிப் பிடிக்கிற குமிழ் அது என்று அண்ணை சொன்னார். அந்த வீடே ஒரு காலத்தில் தந்தி நிலையமாக இருந்ததாம். ஊரார் அப்போதும் அதைத் தந்தி வீடு என்றுதான் சொன்னார்கள். மீன் தொழிற்சாலை அதை வாடகைக்கு எடுத்து எங்களைப் போன்ற தமிழ்ப் பொடியன்களைக் குடியமர்த்தியிருந்தது.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்லர். எங்கள் ஊர்க்காரர், எங்களுக்கெல்லாம் முன்னர் வந்து அந்த மொழியைப் படித்து, தொழிற்சாலையில் எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். வைத்தியரிடம் போனாலும் பொலிஸில் பதியப் போனாலும் எங்கள் வாய் அவர்தான். பனிக்காலத்தில் சூரியன் எழும்பாத அந்த ஊரில், மீன் வெட்டுகிற மேசையில் விரல் விறைத்துப்போய் நான் நின்றால், தன்னுடைய கம்பளிக் கையுறையைக் கழற்றித் தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் தலைகளை வாங்கி வந்து, மிளகாய்த்தூளை அளந்து அளந்து போட்டுக் குழம்பு வைப்பார். வெளியே மரச்சட்டங்களில் மீன் காயும். காற்று அடித்தால் அது கட்டை போல ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். அந்தச் சத்தத்தோடு சாப்பிட்ட சோற்றை நான் பல வருடங்கள் நன்றியோடு நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரி சில நாட்களில் கோப்பி குடிக்க வருவாள். அவளுடைய பாட்டன் அந்த வீட்டில் தந்தி அடித்தவர். கம்பி வருமுன் தெற்கிலிருந்து ஒரு சேதி கப்பலில் வர வாரக்கணக்காகுமாம். கம்பி வந்தபிறகு மீன் எங்கே வருகிறது, என்ன விலை போகிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் கம்பியில் பனி ஆளின் கைப் பருமனுக்கு உறைந்து, பாரத்தில் அறுந்து விழும். ஆட்கள் சறுக்குக் கட்டைகளில் போய் நீண்ட தடியால் பனியைத் தட்டி விழுத்துவார்கள். ஒருமுறை படகு ஒன்று கவிழ்ந்த செய்தி வந்தபோது, சூறைக்காற்றுக்குள் மலை ஏறி, இறந்தவனின் மனைவியிடம் பாட்டனே போய்ச் சொன்னாராம். விடியட்டும் என்று மற்றவர்கள் மறித்தார்களாம். "செய்தி அவளுடையது, அதை வைத்திருக்க நான் யார்?" என்று கேட்டாராம். வீட்டுக்காரி சொல்லச் சொல்ல இதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னவர் அண்ணை. சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எங்களுக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு தொழிற்சாலை அலுவலகத்துத் தொலைபேசி. அது அண்ணையின் மேசையில் இருந்தது. போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பேச வழியில்லாத காலம். கொழும்புக்கு வருகிறவர்கள் அங்கிருந்து எடுத்தால்தான் உண்டு. அவ்வருடம் மீன் குவிந்து வந்துகொண்டிருந்தது. பிறகு வரத்து ஓய்ந்து, வேலை குறைந்து எல்லாரும் சற்று மூச்சுவிட்ட ஒரு நாள், அண்ணை என்னைக் கூப்பிட்டு இருத்தி, என் தோளில் கை வைத்து, அப்பா போய்விட்டார் என்றார். கொழும்பு ஆஸ்பத்திரியில் நடந்ததாம். எரித்தும் ஆயிற்றாம். நான் அவருடைய மடியில் விழுந்து அழுதேன். சோற்றைக் குழைத்து என் வாயில் தீத்திவிட்டார்.

அப்பாவை வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கூட்டி வந்து பார்த்தவள் என் அக்கா. பின்னர் அவளோடு பேசக் கிடைத்தபோது, "எல்லாம் முடிஞ்சுது, இனிக் கதைச்சு என்ன" என்று முறித்துவிட்டாள். அவள் கலியாணம் முடித்து ஜெர்மனிக்குப் போனாள். நான் லண்டனுக்கு வந்தேன். நல்ல நாள், பெருநாளுக்குப் பேசுவோம்; அதில் ஒரு குளிர் இருந்துகொண்டே இருந்தது. துக்கம் அவளை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு அவள் தன் மகளோடு இருக்கவென்று லண்டனின் பார்க்கிங் பகுதிக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவின் திவசத்தன்று சமையலறையில் நானும் அவளும் மட்டும் நின்றோம். நான் அண்ணையைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னேன். அக்கா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா உன்ர குரலைக் கேக்கோணும் எண்டு கிடந்தவர். நான் அந்த ஆளுக்குத் திரும்பத் திரும்ப போன் எடுத்தனான். நீ போனுக்கு வரமாட்டன் எண்டு சொல்லிவிட்டியாம்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா," என்றேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அண்ணை எனக்கு முன்னரே லண்டனுக்கு வந்துவிட்டவர்; அப்டன் பார்க்கில் புடவைக் கடை. நான் லண்டன் வந்தபோது வீடு பார்த்துத் தந்தவர், என் மகனுக்குப் பெயர் வைத்தவர். மறுநாள் போனேன். தன் மகனைக் கல்லாவில் இருத்திவிட்டு என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். நான் கேட்டதும் மறுக்கவில்லை.

"மீன் குவிஞ்சு கிடந்த நேரம். என்ர குடும்பத்தை நோர்வேக்குக் கூப்பிட முதலாளி கையெழுத்து வைக்கோணும். வேலையிலையிருந்து ஒருத்தரையும் விடாதை எண்டு சொல்லிப்போட்டான். நீ கேட்டா வெளிக்கிட்டிருப்பாய். போனா திரும்பி வந்திருக்கவும் ஏலாது."

"அப்பா என்னை வரச்சொல்லிக் கேக்கேல்லை, அண்ணை. போனிலை கதைக்கத்தானே கேட்டவர்."

அவர் பக்கத்தில் கிடந்த புடவை ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சரி, வேலையிலை நிக்கிறான் எண்டு சொல்லியிருக்கலாம். வரமாட்டான் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"வேலையிலை நிக்கிறான் எண்டா அவ திரும்பவும் எடுப்பா," என்றார், தணிந்த குரலில். "வரமாட்டான் எண்டாத்தான் எடுக்கமாட்டா."

நான் எதிர்பார்த்துப் போனது ஒரு பதற்றத்தை, ஒரு மறதியை. யோசித்துச் செய்திருக்கிறார். தோளில் வைத்த கை, தீத்திய சோறு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அண்ணையிடம்தான் ஓடிப்போய் அழுதிருப்பேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். வெளியே கிறீன் ஸ்ட்ரீட்டில் சனம் நெரிந்தது. யாரோ தெரிந்தவர் கைகாட்டினார், நானும் காட்டினேன்.

நேரே அக்காவிடம் போய், அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். கதிரையில் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா அதை நம்பேல்லை. அவன் அப்பிடிச் சொல்லமாட்டான், ஆரோ இடையிலை பொய் சொல்லுறாங்கள், அவனோட கோபிக்காதை எண்டுதான் கடைசியாச் சொன்னவர். நான்தான் நம்பினனான்."

அப்பா எனக்காக விட்டுப்போன சொல் அது. அக்கா இத்தனை வருடமும் அதைத் தன்னிடமே வைத்திருந்தாள்.